ஒற்று மிகும் இடம்

"நாங்க யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றார் துப்பறிவாளர்.

"கேக்க மாட்டோம் சார். அது எங்க கொள்கை," என்ற வரவேற்புப் பெண், ஒரு பிளாஸ்டிக் அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதைச் சட்டையில மாட்டிக்கங்க."

அட்டையில் 'ஒருவர்' என்று அச்சிட்டிருந்தது. பின்னால் நின்றவருக்கும் ஓர் அட்டை வந்தது. அதில் 'இன்னொருவர்' என்றிருந்தது.

"எங்க போனாலும் நான் இன்னொருவர்தான் மாப்ளே. இங்கதான் எழுதியே கொடுத்துட்டாங்க," என்றார் அந்த இன்னொருவர்.

துப்பறிவாளருக்குத் தம் உதவியாளரிடம் இருந்த ஒரே சங்கடம், அவர் சொந்த அக்காவின் கணவர் என்பதுதான். வானொலியில் காலமெல்லாம் செய்தி வாசித்துவிட்டு ஓய்வுபெற்ற மனிதர், வீட்டில் உட்கார்ந்து சமையலறையில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்ததும், "உன் தொழிலே கண்டுபிடிக்கறதுதானேடா, இவரையும் கூட்டிட்டுப் போ" என்று அக்கா தள்ளிவிட்டுவிட்டாள். அன்றிலிருந்து முதலாளி உதவியாளரை "அத்தான், வாங்க" என்கிறார். உதவியாளர் முதலாளியை "வா மாப்ளே" என்கிறார்.

மாடிப்படி ஏறும்போதே துப்பறிவாளருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இணையத்தில் பேசுகிறவர் வாயை யாரும் பொத்தக் கூடாது, அவர் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது என்று பாடுபடும் சங்கம் இது. அவர் பிழைப்போ எட்டிப் பார்ப்பது. மனைவிக்காகக் கணவனையும், வீட்டுக்காரருக்காக வாடகைக்கு வருகிறவரையும் எட்டிப் பார்த்தே தலை நரைத்தவர். கறிக்கடைக்காரரைச் சைவ உணவகத்தில் விருந்துக்குக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

செயலாளர் அறையில் இருந்த கணினிகளுக்கெல்லாம் கண்ணில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு இரட்டைத் திரை. சுவரில் வட்டக் கடிகாரம், அதன் கீழே 'உங்கள் ரகசியம் உங்கள் உரிமை' என்ற வாசகம். செயலாளர் அம்மையார் கிராப்பு வெட்டிய தலையும் கசங்கிய கதர்ச் சட்டையுமாக இருந்தார். அவர்கள் உட்கார்ந்ததும் தகர டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினார்.

"பிஸ்கட்டா?" என்று ஆவலாகக் கை நீட்டினார் அத்தான்.

"போன். ரெண்டு பேரும் உள்ள போட்டுடுங்க. யாரும் ஒட்டுக் கேக்க முடியாது."

போன்கள் உள்ளே போயின. டப்பா மூடியது. அம்மையார் விஷயத்துக்கு வந்தார்.

நகரத்தின் பெரிய வீடு கட்டும் நிறுவனம் ஒன்று விற்ற குடியிருப்பில் விரிசல் விழுந்திருக்கிறது. 'நெருஞ்சி' என்ற புனைபெயரில் ஒரு பெண் இணையப் பக்கம் ஒன்றில் அதைப் பற்றி எழுதிவருகிறாள். எந்த வீட்டில், எந்தத் தூணில், எப்போது விழுந்தது என்று படத்தோடு போடுகிறாள். அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பக்கம்தான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். நெருஞ்சி யாரென்று தெரிந்தாக வேண்டும் என நிறுவனம் வழக்குப் போட்டிருக்கிறது. சங்கம் அவளுக்காக வாதாடுகிறது. நாளைக்கு விசாரணை.

"நேத்து அவங்க போனுக்கே ஒரு மிரட்டல் வந்திருக்கு," என்றார் செயலாளர். "நீ யாருன்னு தெரியும், சுவரைப் பத்தி எழுதினா ஜாக்கிரதைன்னு. பயந்துபோய் இன்னிக்குச் சாயங்காலம் பக்கத்தையே அழிச்சிடறேங்கறாங்க. அழிச்சிட்டா அந்தக் குடும்பங்க கதி அவ்வளவுதான்."

"அவங்க யாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு, எங்க வக்கீலுக்கு, கணினியைப் பாத்துக்கறவருக்கு. வேற ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அப்ப மூணு பேர்ல ஒருத்தர் சொல்லியிருக்கணும்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"இங்க யார் எப்ப வந்தாங்க, போனாங்கன்னு பதிவு இருக்கா?"

"இல்ல. கொள்கை."

"கேமரா?"

"ஐயோ!" என்றார் செயலாளர், கெட்ட வார்த்தை கேட்டவர்போல.

"சரி, மூணு பேரையும் விசாரிக்கறேன்."

"தாராளமா விசாரிங்க. ஆனா பதில் சொல்லணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல."

"ஏன் மாப்ளே, நாம வந்தது விசாரிக்கவா, விருந்துக்கா?" என்று முணுமுணுத்தார் அத்தான்.

*

வக்கீல் தொப்பையும் கனிந்த சிரிப்புமாக இருந்தார். தம் மேஜை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். "வாயைத் திறக்காம இருக்கறது என் அடிப்படை உரிமை," என்றார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், வெளிய போகக் கூடாது. எனக்கு அந்த அம்மா மேல கொஞ்ச நாளாவே ஒரு இது. அதனால அவங்க மேஜைக்கு அடியில சின்னதா ஒரு பதிவுக் கருவி ஒட்டி வச்சிருக்கேன். எல்லாம் சங்கத்தோட நன்மைக்காகத்தான்."

கணினிக்காரர் ஜன்னலில்லாத அறையில் தாடியோடு இருந்தார். "அடுத்தவங்க கணினியை நான் எட்டிப் பார்த்ததே கிடையாது," என்றார். அத்தான் அவரையே கண்கொட்டாமல் பார்த்தார். செய்தி வாசிக்கும்போது ஒலிவாங்கியைப் பார்க்கிற அதே பார்வை. தாடிக்காரர் நெளிந்தார். "செயலாளர், வக்கீல், இந்த ரெண்டு பேர் கணினியைத் தவிர," என்று சேர்த்துக்கொண்டார். இருவரும் யாருக்கு என்ன மடல் எழுதினாலும் அதன் நகல் அவருக்கு வந்துவிடுமாம்.

திரும்பிச் செயலாளர் அறைக்கு வந்தபோது அம்மையாரே எழுந்து கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல. இந்தக் கடிகாரத்துக்குள்ள..."

"கேமரா," என்றார் துப்பறிவாளர்.

"பாதுகாப்புக்குத்தான். கணினி அறையில இதே மாதிரி ஒண்ணு, வக்கீல் அறையில ஒண்ணு, நடையில ஒண்ணு."

"ஐயோ!" என்றார் அத்தான், அவர் குரலிலேயே.

மூன்று தரப்புச் சரக்கையும் வாங்கிக்கொண்டு துப்பறிவாளர் காலியாக இருந்த கூட்ட அறையில் உட்கார்ந்தார். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சேர்த்துவைத்திருந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தொங்கியது. வக்கீல் வெளியே போன நேரமெல்லாம் செயலாளருக்குத் தெரிந்திருந்தது. செயலாளர் பேசியதெல்லாம் வக்கீலிடம் இருந்தது. எழுதியதெல்லாம் தாடிக்காரரிடம் இருந்தது. தாடிக்காரர் கொட்டாவி விட்டதுகூடக் கடிகாரத்தில் பதிவாகியிருந்தது. நெருஞ்சி என்ற சொல்லை யாரும் எவரிடமும் மூச்சுவிடவில்லை.

"இவ்வளவு சுத்தமான ஆளுங்களை நான் பார்த்ததே இல்ல," என்றார் அத்தான். "ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்த நேரம் போக, துரோகம் பண்ண எவனுக்கும் நேரமே கிடைக்கல."

துப்பறிவாளர் செயலாளரிடம் போய், "மூணு பேர் மேலயும் தப்பில்ல," என்றார்.

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"அதைச் சொன்னா உங்க கொள்கைக்கு இழுக்கு. நான் நெருஞ்சியைப் பார்க்கணும். அந்த மிரட்டலை என் கண்ணால படிக்கணும்."

*

மதிய இடைவேளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. கடை உதவியாளர் உள்ளே கண்ணாடிச் சில்லைத் தேய்த்துக்கொண்டிருக்க, சுவரோரப் பெஞ்சில் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். எந்த அலுவலகம் என்று கேட்டதும் அவள் சொன்ன பதிலில் துப்பறிவாளர் உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தக் கம்பெனியிலயேவா வேலை?"

"விளம்பரப் பிரிவுல. கையேடு, அறிவிப்பு, மறுப்பு எல்லாம் நான்தான் எழுதறது."

"மறுப்புன்னா?"

"நெருஞ்சி எழுதறது பொய்னு." அவள் கைப்பையின் பிடியைத் திருகினாள். "எங்க அண்ணன் அந்தக் குடியிருப்புலதான் வீடு வாங்கினான். பிள்ளை தூங்கற அறையில விரிசல். அண்ணி என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க, அடிக்கோலே உள்ள போகுது. 'உங்க கம்பெனிதானே, சொல்லேன்'னாங்க. சொன்னேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, 'இது இயல்பான சுருக்கம்தான், பயப்பட வேண்டாம்'னு ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல. அதை மறுத்து நானே எழுதினேன். மறுநாள் அந்த மறுப்புக்கு ஒரு மறுப்பு எழுதச் சொன்னாங்க."

"ரெண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல்," என்றார் அத்தான். குரலில் கிண்டல் இல்லை.

"அப்பா படுத்த படுக்கையா இருக்கார் சார். வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தி. இதோட நிறுத்திக்கறேன். வேற வழி தெரியல."

அவள் போனை நீட்டினாள். துப்பறிவாளர் படித்தார். செய்தி இதுதான்:

'நெருஞ்சி யாரென எனக்குத் தெரியும். சுவரைப் பற்றி எழுதும்போது இனிக் கவனம் தேவை.'

எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. போனை அத்தானிடம் கொடுத்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாட்டுக்கே அறிவிப்பதுபோல அந்த இரண்டு வாக்கியங்களையும் வாசித்தார். கடை உதவியாளர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"வழுக்கிட்டுப் போகுது மாப்ளே. ஒரு இடத்துலகூட நாக்கு தடுக்கல. 'இனிக் கவனம்'னு க் போட்டிருக்கான் பாரு. 'எனக்குத் தெரியும்'ல த். மிரட்டற பய எவனாவது இவ்வளவு பொறுமையா ஒற்று போட்டு மிரட்டுவானா? குத்த வர்றவன் கத்தியைத் துடைச்சு உறையில போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு."

துப்பறிவாளர் போனைத் திரும்ப வாங்கினார். செயலாளர் சொன்னது ஒன்று, இங்கே எழுதியிருப்பது வேறொன்று. 'எழுதினால் ஜாக்கிரதை' என்று இதில் எங்கும் இல்லை. 'எழுதும்போது கவனம்.' எழுதாதே என்றும் சொல்லவில்லை.

கடையின் ரசீதுத் தாள் ஒன்றைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "உங்க அண்ணன் வீட்டுல விரிசல் எங்க விழுந்திருக்குன்னு ஒரே வரியில எழுதுங்க."

அவள் புரியாமல் பார்த்துவிட்டு எழுதினாள்: 'குழந்தையின் படுக்கையறைச் சுவற்றில் விரிசல் விழுந்துள்ளது.'

துப்பறிவாளர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சார், எனக்கு உயிர் போகுது, நீங்க சிரிக்கறீங்க."

"சுவர், சுவரில். சுவறுன்னு ஒரு பொருள் இருந்து, அதுல விரிசல் விழுந்தாத்தான் சுவற்றில். நீங்க எப்பவுமே இப்படித்தான் எழுதுவீங்களா?"

அவள் முகம் சிவந்தது. "பள்ளிக்கூடத்துலேருந்து அப்படியே கைக்குப் பழகிடுச்சு. அது தப்பா?"

அத்தான் அதற்குள் நெருஞ்சியின் பக்கத்தைத் திறந்துவிட்டார். "சுவற்றில், சுவற்றில், சுவற்றின்... அடேயப்பா, இடிஞ்ச கட்டடத்தைவிட இது அதிகமா இருக்கு."

"கையேட்டுலயும் இப்படித்தானா?" என்றார் துப்பறிவாளர்.

"எல்லாத்துலயும்தான். ஆனா சார், இந்தத் தப்பை ஊர்ல பாதிப் பேர் பண்றாங்களே? இதை வச்சு எப்படி என்னைக் கண்டுபிடிக்க முடியும்?"

"பாதிப் பேர் ஒற்றையும் விட்டுடறாங்க. நீங்க ஒண்ணுகூட விடல. மத்ததெல்லாம் சுத்தமா எழுதிட்டு, சுவர் வந்தா மட்டும் சறுக்கற கை எத்தனை இருக்கும்? உங்க பேரை மறைச்சீங்க, ஊரை மறைச்சீங்க, கணினியை மறைச்சீங்க. கையை மறைக்கல. இது மிரட்டல் இல்லம்மா. பிழை திருத்தம்!"

அவள் தான் எழுதிய தாளை மறுபடி படித்தாள். துப்பறிவாளர் விடவில்லை. "உங்க எழுத்தும் உங்க போன் நம்பரும் ஒண்ணா யார் கைக்காவது போச்சா?"

அவள் யோசித்தாள். யோசிக்கும்போதே கண்கள் விரிந்தன. "கட்டுரைப் போட்டி! போன மாசம் எங்க தலைவர் வச்சார். 'என் கனவு இல்லம்'னு தலைப்பு. மேலாளர்லேருந்து லிஃப்ட் இயக்கறவர் வரைக்கும் எல்லாரும் கட்டாயம் எழுதணும். மேல பேரும் போன் நம்பரும் போடணும்."

"நடுவர் யாரு?"

"பழைய நாளிதழ் ஒண்ணுல பிழை திருத்தும் பிரிவுக்குத் தலைமையா இருந்த அம்மா. பரிசளிப்புக்கு வந்தாங்க. அவங்களை எல்லாரும்..."

"கத்தரி அம்மா," என்றார் அத்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு தடவை நான் செய்தியில ழகரத்தைக் கொஞ்சம் மெலிசா விட்டுட்டேன். நிலையத்துக்கே போன் போட்டு, அடுத்த செய்திக்குள்ள திருத்தச் சொன்னாங்க மாப்ளே."

"லிஃப்ட் இயக்கறவர்கிட்ட கனவு இல்லத்தைப் பத்தி எந்தக் கம்பெனி கட்டுரை கேக்கும்?" என்றார் துப்பறிவாளர். "போட்டி இல்ல அது, வலை. எல்லாருடைய எழுத்தையும் வாங்கி, நெருஞ்சி எழுத்தோட ஒப்பிட்டுப் பார்க்க ஆளை வச்சிருக்காங்க."

நெருஞ்சி எழுந்து நின்றுவிட்டாள். "அப்படின்னா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அவருக்குத் தெரியவில்லை. "சாயங்காலம் வரைக்கும் எதையும் அழிக்காதீங்க," என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கும்போது அத்தான் சொன்னார்: "ஒற்றுன்னா மெய்யெழுத்து. பழைய தமிழ்ல ஒற்றுன்னா வேவு. சங்கத்துல அது மிகுது, செய்தியில இது மிகுது. நான் வேணா கீழேயே நிக்கட்டுமா? அந்த அம்மா வீட்டுக்கு நீ மட்டும் போயிட்டு வாயேன்."

*

கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு தங்க விளிம்புக் கண்ணாடியும் அதன் பின்னால் கூரான ஒரு கண்ணும் தெரிந்தன.

"யாரு?"

"கட்டுரைப் போட்டி விஷயமா உங்களைச் சந்திக்க வந்திருக்கோம்," என்றார் அத்தான், ஒவ்வோர் எழுத்தாக எடுத்துவைத்து.

கண் அவரை மேலும் கீழும் பார்த்தது. "ழகரம் பரவாயில்லையே, தேறியிருக்கே," என்றது. சங்கிலி விலகியது.

அறையில் அகராதிகள் மட்டும்தான் தூசி இல்லாமல் இருந்தன. கத்தரி அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தச் செய்தி அனுப்பினது நீங்கதானே?" என்றார் துப்பறிவாளர்.

"ஆமா. அதுல என்ன பிழை?"

"பிழையே இல்ல. அதனாலதான் வந்தோம்."

கத்தரி அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. உட்காரச் சொன்னார். மறைக்கவும் இல்லை. நெருஞ்சி யாரென்று எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று நிறுவனத்தின் தலைவர் கேட்டாராம். "என்னால முடியுமான்னு கேட்டார்! முதல் கட்டுரை படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல இப்படி ஒற்று போடறவங்க எத்தனை பேரு? அந்தப் பொண்ணு எழுத்தைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்தது. அதுல இந்தச் சுவற்றில் வேற, சோத்துல கல்லு மாதிரி."

"அறிக்கை கொடுத்துட்டீங்களா?"

"முந்தாநாளே."

அத்தான் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். துப்பறிவாளருக்குப் படுத்த படுக்கையான அப்பாவும், அடிக்கோல் நுழைகிற விரிசலும் கண்முன் வந்தன. நாளைக்கு விசாரணைகூடத் தேவையில்லை.

"பொய் எழுதி இருக்கலாமே அம்மா. கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லியிருக்கலாமே!"

"நானா? கண்டுபிடிக்க முடியலன்னா?" கத்தரி அம்மாவின் குரல் உயர்ந்தது. "ஊர் சிரிக்காது? உண்மையைத்தான் எழுதினேன்."

"அவங்களைக் காட்டிக் கொடுத்துட்டு, அப்புறம் எதுக்கு எச்சரிக்கை?"

"யார் காட்டிக் கொடுத்தா?" என்று எழுந்த கத்தரி அம்மா, அலமாரியிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துவந்து துப்பறிவாளர் மடியில் போட்டார். மேலட்டையில் நிறுவனத் தலைவர் கன்னத்தில் கை வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவருடைய மேடை உரைகளின் தொகுப்பு. "பரிசளிப்பு அன்னிக்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிறுவனத்துல எல்லார் எழுத்தையும் ஒப்பிடுங்கன்னார். தலைவரும் அந்த நிறுவனத்துலதானே இருக்கார்? ஒப்பிட்டேன்."

துப்பறிவாளர் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். ஒற்று மிகும் இடத்திலெல்லாம் மிகுந்திருந்தது. 'வெற்றி என்பது சுவற்றில் மாட்டும் படமல்ல' என்றிருந்தது.

"ஐயோ," என்றார் மெதுவாக. "இவருக்கு உரை எழுதித் தர்றதும் அவங்கதானா!"

"ஒரு பக்கக் கட்டுரை பெரிய சான்றா, ஒரு முழுப் புத்தகம் பெரிய சான்றா? பெரிசு எதுவோ அதைத்தான் சொல்லணும். 'நெருஞ்சியின் கட்டுரைகளை எழுதிய கையும், தலைவரின் உரைகளை எழுதிய கையும் ஒன்றே. ஐயத்துக்கு இடமில்லை'ன்னு எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்து பொய் கிடையாது. வேற எவனும் அந்தப் பொண்ணைக் கண்டுபிடிக்கக் கூடாதேன்னுதான் சுவரைத் திருத்திக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். முன்னுரையைப் படிங்க."

அத்தான் எட்டிப் புத்தகத்தை வாங்கி, முன்னுரையைத் தம் பழைய குரலில் வாசித்தார். "'இந்நூலின் ஒவ்வொரு சொல்லும் என் இரவுகளில் நானே செதுக்கியது.'" மூடி வைத்தார். "இந்த அறிக்கையை நீதிமன்றத்துல நீட்டினா, ஒண்ணு இவரே நெருஞ்சி. இல்ல, இவர் செதுக்கவே இல்ல. மாப்ளே, எந்தப் பக்கம் போனாலும் சுவர்!"

"சரியாச் சொன்னீங்க," என்றார் கத்தரி அம்மா. பிழையில்லாத வாக்கியத்துக்குக் கிடைக்கும் பாராட்டு அது.

*

செய்தியைக் கேட்ட நெருஞ்சி முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். பிறகு போனில் அவள் குரல் மாறியது.

"சார், தலைவருக்கு உரை எழுதறது யாருன்னு தலைவருக்குத் தெரியுமே?"

துப்பறிவாளரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அறிக்கையைப் படித்த கணமே அவள் பெயர் மனதில் வந்திருக்கக்கூடிய ஒரே ஆள் தலைவர்தான்.

"தெரியும்மா. தெரிஞ்சதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

"அப்ப நான் எதையும் அழிக்கல," என்றாள்.

மறுநாள் நிறுவனத்தின் வக்கீல், வழக்கைத் திரும்பப் பெறுவதாக நீதிபதியிடம் தெரிவித்தார். காரணம் கேட்டபோது, தனிமனித உரிமையின் மேல் தம் கட்சிக்காரருக்கு உள்ள மதிப்பு என்றார். நீதிமன்ற வாசலில் சங்கத்தின் செயலாளர், கண்காணிப்புக் கலாசாரத்துக்கு எதிரான மகத்தான வெற்றி என்று பேட்டி கொடுத்தார். ஒரு பக்கம் வக்கீலும் மறுபக்கம் தாடிக்காரரும் நின்று கைதட்டினார்கள். துப்பறிவாளர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்திலிருந்து நழுவினார்.

அந்த வாரமே தலைவர் நெருஞ்சியைத் தம் அறைக்கு அழைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனதாக அவள் பிறகு துப்பறிவாளரிடம் சொன்னாள். தலைவர் அவளை நெடுநேரம் பார்த்தார். அவளும் பார்த்தாள். அறிக்கை பற்றியோ நெருஞ்சி பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "குடியிருப்புக்காரங்க கூட்டம் ஒண்ணு வைக்கறோம்," என்றார் கடைசியில். "நம்பிக்கையைப் பத்தி, பேச்சுச் சுதந்திரத்தைப் பத்தி, மனசைத் தொடற மாதிரி எழுதிக் கொடும்மா. வழக்கம்போல."

கூட்டத்துக்குத் துப்பறிவாளரையும் அத்தானையும் அவள்தான் வரச் சொன்னாள். அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அவளுடைய அண்ணனும் அண்ணியும், நடுவில் பிள்ளையும். இவர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் நெருஞ்சி, கைகளைக் கட்டிக்கொண்டு.

தலைவர் குரல் நன்றாகவே இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினார். அத்தான்கூட மெச்சுவதுபோல் தலையாட்டினார்.

"முன்னாலயே படிச்சுப் பார்த்துட்டு வந்திருக்காரா?" என்று கிசுகிசுத்தார்.

"படிக்கவே மாட்டாராம். மேடையிலதான் முதல் தடவையாம். அப்பத்தான் உணர்ச்சி வருமாம்," என்றார் துப்பறிவாளர்.

தலைவர் பக்கத்தைப் புரட்டினார்.

"நண்பர்களே, பேசுவதற்கு நீங்கள் அஞ்ச வேண்டாம். ஏனெனில் நீங்கள் பேசியதை நான் கேட்டேன். உங்கள் வீடுகளில் உள்ள விரிசல்கள் இயல்பான சுருக்கம் அல்ல. அவை எங்கள் தவறு. பழுதான கட்டடங்கள் அனைத்தையும் எங்கள் பொறுப்பிலேயே இடித்து, புதிதாகக் கட்டித் தருவோம் என்று..."

குரல் நின்றது. தலைவர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். மூன்றாவது வரிசையில் அண்ணி எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் அந்த வரிசை எழுந்தது. பிறகு அரங்கமே எழுந்து தட்டிய கைத்தட்டலில் மேடைத் திரை அசைந்தது. நிருபர்களின் கேமராக்கள் மின்னின.

தலைவர் பக்கவாட்டில் திரும்பினார். நெருஞ்சி கட்டிய கையை அவிழ்க்காமல் நேராக அவரையே பார்த்தாள்.

"இது நான் எழுதினது இல்லன்னு சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே?" என்றார் அத்தான், கைதட்டியபடியே.

தலைவர் தண்ணீர் குடித்தார். கைத்தட்டல் ஓய்கிறதா என்று பார்த்தார். ஓயவில்லை. "...இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்," என்று வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதில் வேலை தொடங்கும் தேதி இருந்தது.